ஒரு ராத்திரி பொறு

1995 அக்டோபரில் ஓர் ஆவணம் வெளியானது. பெயரில் எந்தக் கவர்ச்சியும் கிடையாது: ஆர்.எஃப்.சி. 1855. இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று பொறியாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளின் வரிசை ஒன்று உண்டு. 1969-ல் தொடங்கிய வரிசை அது. ஒரு கணினி இன்னொன்றுக்குத் தகவலை எப்படிப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும், மின்னஞ்சலின் தலைப்பகுதியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது மாதிரியான சமாச்சாரங்கள்தான் வழக்கமாக அதில் வரும். இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதிய 1855-ஆவது குறிப்பின் சங்கதியே வேறு. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொன்னது. இணைய நாகரிகத்துக்கான வழிகாட்டி. ‘நெட்டிக்கெட்’ என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

இன்றைக்கு எடுத்து வாசித்தால் பல இடங்களில் சிரிப்பு வரும். ஒரு வரி 65 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அஞ்சலின் அடியில் போடும் கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதுபோல இருக்கும். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தப் பட்டியலுக்கு நடுவே சில வரிகள் நம்மை நிறுத்துகின்றன. ஒரு குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் சும்மா வாசித்துக்கொண்டிரு, பிறகு எழுது என்கிறது ஒன்று. அனுப்புகிறவனுக்கு ஆகிற செலவு வாங்குகிறவனுக்கும் ஆகிறது என்று நினைவூட்டுகிறது இன்னொன்று. நீ எழுதுவது வேறொரு பண்பாட்டுக்காரர் கையில் போய்ச் சேரும், உன் நகைச்சுவை அவருக்குப் புரியாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது வேறொன்று. எனக்கு மிகவும் பிடித்தது இது: கோபம் வந்தால் பதிலை உடனே அனுப்பாதே, ஒரு ராத்திரி பொறு.

மனிதர்களைப் பற்றி எழுதப் பழகாதவர்கள் எதற்காக இப்படி ஒரு ஆத்திசூடியை எழுத உட்கார்ந்தார்கள்? அதற்குள் ஒரு பதினைந்து வருஷக் கதை இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த முப்பது வருஷக் கதையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

லிஃப்டில் பாதரசம்

1979-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் ஒரு யோசனை செய்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியாகச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டால் என்ன? அந்தப் பக்கத்தில் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரல்களை எழுதினார். யூஸ்நெட் பிறந்தது இப்படித்தான். பொருள்வாரியாகக் குழுக்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியது கணினி கணினியாக நகல் எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போகும். பெரும்பாலும் ராத்திரியில், தொலைபேசிக் கட்டணம் குறைந்த நேரத்தில். நீ எழுதுகிற வெட்டிப்பேச்சுக்கு யாரோ ஒரு கல்லூரி காசு கட்டிக்கொண்டிருந்தது. ‘வாங்குகிறவனுக்கும் செலவு’ என்ற விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்குள்ளேயும் கணினி அறிவிப்புப் பலகைகள் இருந்தன. 1982 செப்டம்பரில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், அப்படியொரு பலகையில் லிஃப்ட் பற்றிய ஒரு இயற்பியல் புதிர் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பாதரசத் துளி என்னவாகும் என்கிற ரீதியில். ஒருவர் விளையாட்டாக, ‘எச்சரிக்கை: ஆய்வின் காரணமாக இடப்பக்க லிஃப்டில் பாதரசம் பரவிவிட்டது’ என்ற பொருளில் ஒரு பதிவைப் போட்டுவிட்டார். முன்கதை தெரியாமல் வந்தவர்கள் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்ள இடமிருந்தது. நேரில் என்றால் சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே ‘சும்மா அளக்கிறான்’ என்று தெரிந்திருக்கும். திரையில் முகம் கிடையாது.

நகைச்சுவைக்கு ஏதாவது அடையாளம் வைப்போம் என்று பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர், தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகமாகத் தெரியும் மூன்று குறிகளை முன்வைத்தார்: :-) என்று. சிரிப்பு அல்லாததற்கு :-( என்று. இன்று நாம் நிமிஷத்துக்கு நாலு அனுப்புகிற எமோஜிகளின் பாட்டன் இவர்கள் இருவரும். அந்தப் பதிவு தொலைந்துபோய், 2002-ல் பழைய காப்பு நாடாக்களைத் துழாவித்தான் மீட்டெடுத்தார்கள். வேடிக்கை, அலங்காரம் என்றெல்லாம் நினைத்துச் செய்தது இல்லை இது. ‘இதை நான் விளையாட்டாகச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. இணையத்தின் முதல் நாகரிகக் கருவி என்று அந்த மூன்று குறிகளைச் சொல்லலாம்.

அதே பல்கலைக்கழகத்தில் சாரா கீஸ்லரும் அவரது சகாக்களும் ஒரு சோதனை செய்து 1984-ல் வெளியிட்டார்கள். சிறு குழுக்களைக் கூட்டி ஒரு விஷயத்தில் முடிவெடுக்கச் சொன்னார்கள். சில குழுக்கள் நேரில் பேசின, சில கணினி வழியாக. கணினி வழியாகப் பேசியவர்கள் முடிவுக்கு வர அதிக நேரம் பிடித்தது. வசவும் எகத்தாளமும் கூடின. நாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்னொன்றும் நடந்தது: நேரில் ஒரே ஆள் பேச்சை அபகரித்துக்கொண்ட இடத்தில், கணினியில் எல்லோருடைய பங்கும் ஏறக்குறைய சமமாக இருந்தது. கூச்சக்காரரும் பேசினார். அதாவது, திட்டுகிறவனின் வாயைத் திறந்துவிட்ட அதே காரணம் ஊமையாக இருந்தவரின் வாயையும் திறந்தது. முகம் தெரியாதபோது பயம் போகிறது. பயத்தோடு மரியாதையும் கொஞ்சம் போகிறது. இணைய நாகரிகம் பற்றி அதற்குப் பிறகு நடந்த அத்தனை சண்டையும் இந்த முடிச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மறு ஆண்டு, 1985-ல், ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக நார்மன் ஷபிரோவும் ராபர்ட் ஆண்டர்சனும் மின்னஞ்சல் அறம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். மின்னஞ்சல் பேச்சு மாதிரி தோன்றும், ஆனால் அது எழுத்து. யாரோ அதை அச்செடுத்து வைத்துக்கொள்வார்கள், வேறு யாருக்கோ அனுப்புவார்கள், நீ மறந்த பிறகும் அது கிடக்கும் என்று எச்சரித்தார்கள். ஸ்கிரீன்ஷாட் என்ற சொல் நம் வீட்டுக்குள் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் சொன்னது.

செப்டம்பர் பிள்ளைகள்

யூஸ்நெட்டில் காவலர் கிடையாது. முதலாளி கிடையாது. யாரையும் யாரும் நிரந்தரமாக வெளியேற்ற முடியாது. பிறகு எப்படி அது நடந்தது? சொல்லிக்கொடுத்துத்தான். புதியவர்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. சக் வான் ரோஸ்பாக் எழுதிய அறிமுகக் கட்டுரை அங்கே திரும்பத் திரும்பப் பதிவிடப்பட்டது. மறுமுனையில் இருப்பதும் ஒரு மனிதர்தான், மறந்துவிடாதே என்பது அதன் சாரம். பிராட் டெம்பிள்டன் இன்னொரு வழி பிடித்தார். 1922-ல் வெளியான புகழ்பெற்ற நாகரிக நூலின் ஆசிரியர் எமிலி போஸ்ட்டின் பெயரைத் திரித்து, ‘எமிலி போஸ்ட்நியூஸ்’ என்ற கற்பனை அம்மையாரை உருவாக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லித்தருவார். பிறர் எழுதியதை முழுசாக மேற்கோள் காட்டி அடியில் ‘நானும் ஆமோதிக்கிறேன்’ என்று ஒரு வரி போடு என்கிற மாதிரி. சிரித்துக்கொண்டே கற்றார்கள்.

இந்தப் பாடம் நடக்க ஒரு கால அட்டவணையும் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் செப்டம்பரில் வருவார்கள். கணக்கு கிடைத்ததும் ஒரு மாதம் அட்டகாசம் செய்வார்கள். மூத்தவர்கள் திட்டுவார்கள், கேலி செய்வார்கள், விதிகளைச் சுட்டிக்காட்டுவார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அடங்கிவிடும். அடுத்த செப்டம்பரில் அவர்களே மூத்தவர்களாக நின்று அடுத்த செட்டைத் திட்டுவார்கள். நம்ம ஊர் ஹாஸ்டல் மாதிரிதான் என்று வையுங்கள்.

1993-94 காலத்தில் இந்த அட்டவணை உடைந்தது. கட்டணம் கட்டினால் யாருக்கும் இணைப்பு என்று விற்ற நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்கா ஆன்லைன், தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. இப்போது புதியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வரவில்லை. தினமும் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை சொல்லிக்கொடுப்பவர்களைத் தாண்டிப் போனது. 1994 ஜனவரியில் டேவ் ஃபிஷர் என்பவர், 1993 செப்டம்பர் முடியவே இல்லை என்ற கருத்தில் ஒரு பதிவு போட்டார். ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்ற பெயர் அப்படி நிலைத்தது.

இந்தக் கதையை இணைய வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சொர்க்கம் பறிபோன கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. அந்தச் சொர்க்கத்தில் யார் இருந்தார்கள்? பல்கலைக்கழகத்திலோ பெரிய ஆய்வகத்திலோ இடம் கிடைத்தவர்கள். பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற, பெரும்பாலும் ஆண்களான ஒரு சிறு கூட்டம். அவர்களுடைய நாகரிகம் ஒரு கிராமத்தின் நாகரிகம். உள்ளே இருப்பவனுக்கு அது இயல்பு. வெளியே இருந்து வருகிறவனுக்கு அது ஒரு வேலி. ‘விதி தெரியாதா உனக்கு?’ என்று கேட்பதில் விதியைக் காப்பாற்றும் அக்கறை எவ்வளவு, உன்னையெல்லாம் யார் உள்ளே விட்டது என்ற எரிச்சல் எவ்வளவு? நாகரிகம் என்ற பெயரில் நம் ஊரில் யார் யாரை எங்கெங்கே நிற்க வைத்தோம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. செப்டம்பர் முடியாமல் போனதால்தான் நீங்களும் நானும் உள்ளே வந்தோம்.

ஆனால் இழப்பு ஒன்று நிஜமாகவே நடந்தது. 1994 ஏப்ரல் 12 அன்று, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி ஒரு விளம்பரம் போட்டார்கள். அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று. யாரும் தாங்களே இலவசமாக விண்ணப்பித்துவிடக் கூடிய குலுக்கல் அது. ஒரு சிறு நிரலை எழுதவைத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். சமையல் பற்றிப் பேசும் குழுவிலும் அதேதான், கணிதக் குழுவிலும் அதேதான். கொதித்துப்போனவர்கள் அனுப்பிய அஞ்சல்களின் பாரம் தாங்காமல் அவர்களுக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கணினி திரும்பத் திரும்பப் படுத்துவிட்டது. கணக்கை ரத்து செய்தார்கள்.

யூஸ்நெட்டுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்துத்தான் வந்தது. தம்பதி வெட்கப்படவே இல்லை. எந்தச் சட்டத்தை மீறினோம் என்று கேட்டார்கள். இதேபோல இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகமும் எழுதினார்கள். அதுவரை யூஸ்நெட்டைத் தாங்கிய ஒரே தூண் வெட்கம்தான். நாலு பேர் சொன்னால் நாணுவான் என்ற நம்பிக்கை. நாளைக்கும் இதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறவனுக்குத்தான் வெட்கம் வரும். ஐயாயிரம் திண்ணைகளில் ஒரே நேரத்தில் நின்று கூவிவிட்டுப் போகிறவனுக்கு எந்தத் திண்ணையிலும் முகம் இல்லை.

அடுத்த ஆண்டு ஆர்.எஃப்.சி. 1855 வந்தது ஏன் என்று இப்போது புரியும். வாய்மொழியாகச் சொல்லித்தர இனி ஆள் போதாது. அதனால் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்த நேரத்தில் அதை அமல்படுத்தக் கூடிய ஊரே கலைந்துபோயிருந்தது.

நமக்குப் புதிதா?

இதையெல்லாம் ‘டெக்னாலஜி வந்து கெடுத்தது’ என்று முடித்துவிடத் தோன்றும். தமிழில் அப்படிச் சொல்வது கஷ்டம். நமக்கு அச்சு வந்தபோதும் இதுதான் நடந்தது.

1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார், இராமலிங்க அடிகளின் பாடல்களைத் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார். திருமுறைக்கு நிகராக ஒரு சமகாலத்தவரின் பாட்டை வைப்பதா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்குக் கண்டனம் என்று துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவரும் காலமான பிறகும் அடுத்த தலைமுறை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் இன்னொரு பக்கம் என்று மேடையிலும் தாளிலும் மோதினார்கள். சென்னையில் மீண்டும் வழக்கு. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் திரு.வி.க., ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனதில் தன் பள்ளித் தேர்வைத் தவறவிட்டார். முறையான படிப்பு அத்தோடு நின்றுபோனது.

பெரும் புலவர்கள்தான் இவர்கள். இலக்கணம் தெரியும், நாகரிகமும் தெரியும். மடத்திலும் சபையிலும் எப்படிப் பேச வேண்டும் என்று அறிந்தவர்கள். ஆனால் மலிவாக அச்சடிக்கலாம், எதிராளி முன்னால் இல்லை, வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம் இருக்கிறது என்றபோது எழுத்தில் என்னவெல்லாம் ஏறியது என்று அந்தப் பிரசுரங்களைப் புரட்டினால் தெரியும். இன்றைய ஃபேஸ்புக் சண்டை அதற்குப் பக்கத்தில் சாதுவாகத் தெரியும். கூட்டம் சேர்ந்ததும் உரையாடல் எதிராளியை நோக்கி இருப்பதில்லை, கூட்டத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. சமூக ஊடகம் கண்டுபிடித்த நோய் இல்லை இது. அது செய்தது, கூட்டத்தை எல்லார் பைக்குள்ளும் போட்டுக் கொடுத்தது.

காவலருக்கு அபராதம்

மீண்டும் அமெரிக்கா. நாகரிகத்தை ஊர் காப்பாற்ற முடியாவிட்டால் கம்பெனி காப்பாற்றட்டும் என்று நினைத்த ஒரு நிறுவனம் இருந்தது. ஐ.பி.எம்., சியர்ஸ் ஆகியவற்றின் பின்பலத்தில் உருவான ப்ராடிஜி. குடும்பத்தோடு வரலாம், கெட்ட வார்த்தை இருக்காது என்பதுதான் அதன் பெருமை. ஆபாசச் சொற்களை வடிகட்ட மென்பொருள் வைத்திருந்தார்கள், பதிவுகளைக் கவனிக்க ஆட்களும் இருந்தார்கள். 1994 அக்டோபரில் யாரோ பெயர் தெரியாத ஒருவர், ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத்தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று ப்ராடிஜியில் எழுதினார். நிறுவனம் ப்ராடிஜி மீதே 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1995 மே மாதம் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது: நீங்கள் பதிவுகளைத் தணிக்கை செய்கிறீர்கள், ஆகவே நீங்கள் பத்திரிகை ஆசிரியர் மாதிரி, பொறுப்பு உங்களுக்குத்தான்.

நாலு வருஷம் முன்னால், 1991-ல், எதையும் கண்டுகொள்ளாமல் விட்ட கம்ப்யூசெர்வ் என்ற நிறுவனம் இதே மாதிரி வழக்கிலிருந்து தப்பித்திருந்தது. ஆக, வாசலில் காவல் நின்றவனுக்குத் தண்டனை, கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினவனுக்கு விடுதலை. இந்த அபத்தத்தைச் சரிசெய்யத்தான் 1996 பிப்ரவரியில் அமெரிக்கச் சட்டத்தில் 230-ஆவது பிரிவு வந்தது. பயனர் எழுதுவதற்கு நிறுவனம் பொறுப்பில்லை. நல்லெண்ணத்தோடு மோசமானதை நீக்கினாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. பின்னால் வந்த ஃபேஸ்புக், யூட்யூப், ட்விட்டர் எல்லாம் இந்த நிழலில் வளர்ந்தவை. காவல் காக்க உரிமை கொடுத்த சட்டம், காக்காவிட்டாலும் கேள்வியில்லை என்று ஆக்கியது. (‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படம் பார்த்தவர்களுக்கு ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் யார் என்று தெரியும். அந்தப் பெயர் தெரியாதவர் ஒன்றும் பெரிதாகத் தப்பாகச் சொல்லிவிடவில்லை.)

பிறகு பொத்தான்கள் வந்தன. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் லைக். அதே ஆண்டு நவம்பரில் ட்விட்டரின் ரீட்வீட். அதற்கு முன்பு ஒருவர் சொன்னதைப் பரப்ப வேண்டும் என்றால் நகல் எடுத்து, ஒட்டி, யார் சொன்னது என்று கையால் எழுத வேண்டும். சில விநாடி வேலைதான். ஆனால் அந்த விநாடிகளுக்குள் ‘இது தேவையா?’ என்று ஒரு எண்ணம் வந்து போக இடம் இருந்தது. அந்தப் பொத்தானை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல், பத்து வருஷம் கழித்து, செய்ததற்கு வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார்.

நிறுவனங்களே பிறகு அந்த விநாடிகளைத் திருப்பி வைக்கப் பார்த்தன. கட்டுரையைத் திறக்காமலேயே பகிரப் போனால் ‘முதலில் வாசித்தீர்களா?’ என்று ட்விட்டர் 2020-ல் கேட்க ஆரம்பித்தது. கடுமையான பதிலை அனுப்பும் முன் ஒருமுறை யோசிக்கச் சொல்லும் அறிவிப்பை 2021-ல் கொண்டுவந்தது. சோதனையில், அந்த அறிவிப்பைப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேர் பதிலைத் திருத்தினார்கள் அல்லது அனுப்பாமலே விட்டார்கள் என்று நிறுவனம் தெரிவித்தது. மூன்றில் ஒருவர்! ஒரு ராத்திரிகூட வேண்டியிருக்கவில்லை, சில நொடி போதுமாயிருந்தது.

சட்டம் மரியாதை கற்றுத்தருமா?

இந்தியாவில் வேறொரு வழியை முயன்று பார்த்தோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, இணையத்தில் புண்படுத்தும்படியோ எரிச்சலூட்டும்படியோ செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை என்றது. எரிச்சல்! யாருக்கு, எவ்வளவு என்று விளக்கம் இல்லை. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைத்துக் கிடந்ததைக் கேள்வி கேட்டு மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். லைக் போட்டவரையும்தான்.

ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு அரசமைப்புக்கு விரோதம் என்று ரத்தானது. நாகரிகத்தைச் சட்டமாக்கினால் அது எளியவர் கையில் வருவதில்லை, வலியவர் கையில் ஆயுதமாகிறது என்பதற்கு அந்த ஆறேழு வருஷம் சாட்சி. திட்டுகிறவன் பயப்படவில்லை. கேள்வி கேட்கிறவர்தான் பயந்தார்.

அத்திமூர்

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் கிராமம். சென்னையிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தி வழி கேட்டது. காரில் இருந்த ஒரு மூதாட்டி அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மா அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று அதற்கு முன்பு பல வாரங்களாக வாட்ஸாப்பில் தகவல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ‘நம்ம பிள்ளைங்க பத்திரமா இருக்கட்டும்’ என்று நினைத்து அனுப்பியவர்கள். அவர்கள் யாரையும் திட்டவில்லை, மரியாதையாக ‘அனைவருக்கும் பகிரவும்’ என்று கைகூப்பும் எமோஜி போட்டே அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே வாட்ஸாப், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த தகவலை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அதன் பிறகு அந்த வகைப் பகிர்வு 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் கணக்கு சொன்னது.

சங்கிலிக் கடிதங்களை ஒருபோதும் அனுப்பாதே என்று ஆர்.எஃப்.சி. 1855-ல் ஒரு வரி உண்டு. 1995-ல் அது சின்னத் தொந்தரவைப் பற்றிய விதி. 2018-ல் அது உயிரைப் பற்றிய விதியாகியிருந்தது.

அந்த மே மாதத்தில் எங்கள் குடும்பக் குழுவிலும் அப்படி ஒரு தகவல் வந்தது. அனுப்பியவர் பெரியப்பா. பார்த்ததுமே பொய் என்று தெரிந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் ‘இது உண்மையில்லை பெரியப்பா’ என்று எழுதவும் இல்லை. எழுதித் திரையில் வைத்திருந்தேன், பிறகு அழித்துவிட்டேன். பத்துப் பேர் பார்க்க வயசானவரை எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்காதே. அன்றைக்கு அந்தக் குழுவில் என் நடத்தையில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அத்திமூர் செய்தி வந்த அன்று அந்த மரியாதையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நமக்குத் தெரிந்த நாகரிகம் முகத்துக்கு முன்னால் உருவானது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் மனசு நோகக் கூடாது என்பது அதன் அளவு. அந்தப் பெரியவர் அனுப்பியது நாலு கை மாறி, முன்பின் தெரியாத ஒரு ஊரில், வழி கேட்க நின்ற ஒரு அம்மாவைப் போய்த் தொடும் என்பதற்கு அந்த அளவில் இடமில்லை. பார்க்காத அந்த அம்மாவுக்கும் நாம் ஒரு மரியாதை பாக்கி வைத்திருக்கிறோம். சாலி ஹாம்பிரிட்ஜும் அவருக்கு முன்னால் எழுதியவர்களும், தங்கள் சிறிய கிராமத்துக்குள் இருந்துகொண்டே, தட்டுத்தடுமாறிச் சொல்லப் பார்த்தது அதைத்தான்: திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. செலவு அவருக்கும் ஆகிறது.

அனுப்பும் முன் ஒரு ராத்திரி பொறுக்கலாம். ஆனால் திருத்த வேண்டியதைத் திருத்த ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாது என்று அந்தப் பட்டியலில் நான் ஒரு வரி சேர்ப்பேன். இப்போதெல்லாம் பெரியப்பாவுக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். இரண்டாவது தடவை, ‘அப்படியா, அப்போ நீயே குரூப்ல போட்டுரு’ என்றார். போட்டேன்.